செனட்டரின் முழுக்கைச் சட்டை

ரோமுலோ மக்காராயெக், சுருக்கமாக ரோமி, பிறவிச் சந்தேகக்காரர். மணிலா நாளிதழ் ஒன்றில் இருபத்தாறு வருஷமாக அரசியல் நிருபர். பொதுக்கூட்டம் என்றால் மேடையைப் பார்க்கமாட்டார். மைதானத்துக்குப் பின்னால் போய், ஆள் ஏற்றி வந்த ஜீப்னி வண்டிகளை எண்ணுவார். டிரைவருக்கு ஒரு சிகரெட் கொடுத்து எந்த ஊர் என்று விசாரிப்பார். மறுநாள் பேப்பரில் மக்கள் வெள்ளம் வற்றிப்போயிருக்கும்.

அந்த ஜனாதிபதித் தேர்தலில் அவரைச் செனட்டர் பெலிசார்தோ குயின்தோஸின் பிரசார பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஐம்பது நாளில் ரோமிக்கு இரண்டு விஷயம் உறுத்தியது. மண்டை பிளக்கிற வெயிலிலும் செனட்டருக்கு முழுக்கைச் சட்டைதான். செவ்வாயும் வெள்ளியும் மதியத்துக்குமேல் ஆள் கண்ணில் படமாட்டார். ஜெபம் என்பார்கள். நான்கு மணி நேரம் ஜெபம் பண்ணுகிற அரசியல்வாதியை ரோமி எங்கும் கண்டதில்லை. ரோமியின் அண்ணன் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்து, மூன்று வருஷம் இழுத்துப் பறித்துச் செத்தவர். அந்த நான்கு மணி நேரக் கணக்கு அவருக்கு அத்துப்படி. சிறுநீரகம் கெட்டுப்போனவரை ஆறு வருஷத்துக்கு நாட்டின் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று அடித்துச் சொன்னார். நாளிதழின் ஆசிரியை மெர்லிண்டா மசியவில்லை. கண்ணால் பார்த்தது ஒன்றாவது வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வரிகூடப் போடமாட்டேன் என்றுவிட்டார்.

செனட்டரின் ஊடகப் பொறுப்பாளன் நெஸ்டரிடம், ஜெபம் எந்தக் கோயிலில் என்று ரோமி ஒருநாள் கேட்டார். மறுநாளே அவன் சிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ரோமிக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பெண்குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம்.

"பாஸே ஞானத்தகப்பனா நிக்கிறேங்கிறாரு, அண்ணே. கேக்காமலே வருது. யாருக்குக் கிடைக்கும்?"

"கேக்காம வர்றதத்தான் நான் நம்பறதில்ல. வேண்டாம்னு சொல்லிடு."

பின்னே? பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆகிவிட்டால் அப்பனுக்கு அவர் கும்பாரே, ரத்த சொந்தம் மாதிரி. கும்பாரேயைப் பற்றி எழுதினால் துரோகம், எழுதாவிட்டால் உடந்தை. ரோமி உஷாரானார். ஹோட்டலில் அறையை மாற்றினார். பக்கத்து சீட்டு நிருபரிடம் நேரம் கேட்பதைக்கூட நிறுத்தினார். அவ்வளவு கெட்டிக்காரர், சொந்த வீட்டை மட்டும் கோட்டைவிட்டார்.

ஞாயிறு காலை மலோலோஸ் கோயில் வாசலில் மூன்று கார்கள், நாலைந்து கேமராக்கள். செனட்டர் இறங்கினார். ரோமி திரும்பி மனைவி லிகாயாவைப் பார்த்தார். நெஸ்டர் நேராக அவளுக்கே போன் போட்டிருக்கிறான், அவளும் சரி என்றிருக்கிறாள்.

"ஞானத்தகப்பனா வர்றவர வேணாம்னா புள்ளைக்கு ஆகாது, ரோமி. எட்டு வருஷம் காத்திருந்து பெத்தவ நான். உன் பேப்பருக்காக இவ உசுரோட விளையாட மாட்டேன்," என்றாள்.

அங்கே எல்லா அப்பனும் நம்புகிற விஷயம் அது. ஊரெல்லாம் சந்தேகப்பட்ட மனுஷனுக்கு இதைச் சந்தேகப்பட தைரியம் வரவில்லை. பயந்துபோய் வழிவிட்டார்.

செனட்டர் குழந்தையை ஏந்தினார். பாதிரியார் தண்ணீர் ஊற்றியதும் அது வீறிட்டு, எட்டிய சட்டைக்கையைப் பிடித்து இழுத்தது. பித்தான் தெறித்து, சட்டைக்கை முழங்கைவரை ஏறியது. முழங்கைக்குக் கீழே புடைத்து முறுக்கிய நரம்பு, அதன்மேல் வரிசையாக ஊசித் தழும்பு. அண்ணன் கையில் மூன்று வருஷம் பார்த்தது. செனட்டர் அவசரமில்லாமல் சட்டையை இறக்கிவிட்டார்.

"குடும்பத்துக்குள்ள மறைக்க என்ன இருக்கு, கும்பாரே," என்றார் மெதுவாக.

விருந்துக்கு நிற்காமல் ரோமி கோயிலுக்குப் பின்னால் ஓடி மெர்லிண்டாவுக்குப் போன் போட்டார். பார்த்துவிட்டேன், என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன் என்று மூச்சுவாங்கச் சொன்னார். மெர்லிண்டாவுக்கு அதற்கு முன்பே வேறு செய்தி வந்திருந்தது. செனட்டர் குழந்தையோடும் ரோமியோடும் நிற்கும் படத்தைப் பிரசாரக் குழு அதற்குள் உலகத்துக்கே காட்டிவிட்டதாம்.

"இனி நீ எழுதினா, சொந்தத்துக்குள்ள பேரம் படியலன்னுதான் சொல்லுவாங்க. அது கிடக்கட்டும். உண்மையச் சொல்லு ரோமி, அவரு எத்தனை நாளா உங்க வீட்டுக்குப் பழக்கம்?"

இருபத்தாறு வருஷமாக அடுத்தவர்களை இதே குரலில் கேட்டவர் ரோமி. இன்றைக்குத்தான் மேடம், எனக்கே தெரியாது என்றார். வேறொருவன் தன்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் தான் ஒரு வார்த்தைகூட நம்பியிருக்கமாட்டார் என்பது சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது.