ஆள் ஏறினால் நிற்கும் கார்

எண்பத்து மூன்று கலவரத்தில் தெற்கில் இருந்த எங்கள் கடை எரிந்தபோது எனக்கு மிஞ்சியது ஒரு கார். நான் பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கறுப்புக் கார் அது. அதை என் ஊரான புங்குடுதீவுக்குக் கொண்டுவந்து வாடகைக்கு ஓட்டினேன். முதலாளியாக இருந்தவன் கார் ஓட்டிப் பிழைக்கிறான் என்று சிலர் வாய்க்குள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வருத்தம் துன்பம் என்றால் அவர்களும் என் படலையில்தான் வந்து நின்றார்கள்.

எண்பத்தெட்டில் காரின் பற்றறி செத்துப்போனது. அந்தக் காருக்கு அளவான பற்றறி யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் அகப்படவில்லை. கராச்காரர் ஒருவர் லொறிப் பற்றறி ஒன்றைக் கொண்டுவந்தார். அது பொனற்றுக்குள் அடங்காது என்று பின் சீற்றுக்குக் கீழே வைத்து, அங்கிருந்து முன்னுக்கு வயர் இழுத்துத் தந்தார். கார் ஓடியது. எனக்கு அது போதும், மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வருடம்தான் என் மனைவிக்கு முதல் பிள்ளை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைப்பேற்றுக் குத்து எடுத்தது. யாழ்ப்பாணம் பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோக அவளைப் பின் சீற்றில் கிடத்தினேன். தலையை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய தாய், என் மாமி, இருந்தா. வேலணைக்குப் போகும் கடற்பாலத்தில் பாதி தூரம் போயிருப்போம், கார் நின்றுவிட்டது. தும்மவில்லை, விக்கவில்லை, அப்படியே அணைந்து போனது. திறப்பைத் திருப்பினால் ஒரு லைற்றும் எரியவில்லை. முன்னுக்குக் கம்பியைப் போட்டுச் சுற்றினேன். அதுவும் சரிவரவில்லை. வலை காயப்போட்டுக்கொண்டு நின்ற இரண்டு பேர் வந்து தள்ளினார்கள். பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், நடுவில் குழி, எவ்வளவு தூரம்தான் தள்ளுவது? உள்ளே அவள் அலறிக்கொண்டிருந்தாள்.

வைக்கோல் ஏற்றிய உழவு மெசின் ஒன்று வந்தது. அவளைத் தூக்கிப் பெட்டியில் வைக்கோலுக்கு மேலே படுக்க வைத்தோம். மாமியும் ஏறினா. மெசின் நகர்ந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் காரை ஓர் உதை உதைத்துவிட்டு, ஏறி இருந்து திறப்பைத் திருப்பினேன். நாசமறுந்தது, ஸ்டார்ட் ஆகிவிட்டது! யாழ்ப்பாணம் வரை அந்த மெசினுக்குப் பின்னால் நான் வெறும் காரை ஓட்டிக்கொண்டு போனேன். இடையில் மறித்து மாற்றி ஏற்றலாம் என்றேன், மாமி கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றா. வைக்கோலில் படுத்திருந்தபடி அவள் என் காரைப் பார்த்துக்கொண்டே போனாள்.

பெரியாசுபத்திரியில் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளை. பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண், கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்று சொன்னாளாம். அந்தச் சொல் எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு அது கார் இல்லை, 'கோதாரி விழுந்தது'. கிணற்றடிக்குப் போகும்போதும் அப்படித் திட்டுவாள், விளக்கேற்றிவிட்டு வரும்போதும் சொல்லுவாள். என்னைப் பேசாமல் காரைப் பேசுகிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல்தான். மாமி வேறு விதமாகக் கண்டுபிடித்தா. முன்பொருமுறை ஆசுபத்திரியிலிருந்து பிரேதம் ஒன்றை இதில் கொண்டுவந்தேன், அதற்குக் கழிப்புக் கழிக்கவில்லை, அதுதானாம். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தா, மஞ்சள் தண்ணீர் தெளித்தா. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் தேசிக்காய்க்கு மேலே காரை ஏற்றியது நான்தான்.

கதை ஊரெல்லாம் பரவி, அந்தக் காரின் பின் சீற்றில் ஏற ஆள் இல்லாமல் போனது. யாராவது அவசரத்துக்கு வந்தாலும் முன்னுக்குத்தான் இருந்தார்கள். நானோ விடாமல் தேடினேன். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன், கொயிலை மாற்றினேன். உப்புக் காற்றில் பூத்துப்போன முனைகளையெல்லாம் கத்தியால் சுரண்டினேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் தனியே ஏறிப் பாலம் வரை ஓட்டிப் பார்ப்பேன். அது பரியாரியாரைக் கண்டவுடன் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி நல்லபிள்ளையாக ஓடும். பற்றறி பூட்டிய கராச்காரரிடமே கொண்டுபோனேன். அவரும் தனியே பண்ணைப் பாலத்தில் போய் வந்து, "கார் சிங்கம் மாதிரி ஓடுது, அண்ணை. உங்களுக்குத்தான் விசர்" என்றார். கையிலிருந்த ஸ்பானரால் ஒன்று போட்டிருப்பேன், எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். சொன்னபோது அவள் முகத்தில் சந்தோசம் இல்லை, ஒரு பிடிவாதம்தான் இருந்தது. "இஞ்சாருங்கோ, இந்த முறை அதைத் திருத்திப்போடுங்கோ" என்றாள். அவ்வளவுதான். முதல் பிள்ளை அப்படியாகிவிட்டதால் இந்த முறை குத்து எடுத்த உடனே பெரியாசுபத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று மருத்துவிச்சியும் சொல்லிவிட்டா. பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. இந்தக் காரை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

ஏழாம் மாதம் முடியும் மட்டும் நான் அதன் வயர்களோடு கிடந்தேன். ஒருநாள் காலையில் சின்னப் பல்பு ஒன்றுக்கு இரண்டு வயர் கட்டி, பற்றறியிலிருந்து முன்னுக்கு வரும் மின்சாரத்தில் கொழுவி, ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். எங்கே அறுந்தாலும் பல்பு அணையும் என்பது கணக்கு. வயர்களை ஒவ்வொன்றாக ஆட்டினேன், இழுத்தேன். பல்பு கண் சிமிட்டவே இல்லை. எனக்கு அலுத்துப்போய்விட்டது. முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கு இருந்த மாதிரியே தான் ஏறிப் படுக்கிறேன் என்றாள். வயிற்றுப் பிள்ளையோடு அதில் ஏறுவதா என்று மாமி குறுக்கே நின்றா. அவள் கேட்கவில்லை. தாயையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறி, மடியில் தலையை வைத்துப் படுத்தாள்.

பல்பு அணைந்தது.

இறங்கு என்றேன். இறங்கினாள், பற்றியது. ஏறு என்றேன். ஏறினாள், அணைந்தது. அப்படி எத்தனை முறை ஏற்றி இறக்கினேனோ தெரியாது. கடைசியில் அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

சீற்றைத் தூக்கிப் பார்த்தேன். முன்னுக்குப் போகும் வயர் நீளம் போதாமல் இரண்டு துண்டை முறுக்கி, சீற்றுக் கம்பிக்கு நேர் கீழே கறுப்பு ஒட்டு ரேப் சுற்றி விட்டிருந்தது. பின்னுக்கு இரண்டு பேர் இருந்து பாரம் கூடினால் கம்பி பதிந்து அந்தப் பொருத்தை விலக்கும். இறங்கினால் மறுபடி தொடும். வேகமாக ஓடும்போது டைனமோ தாங்கிக்கொள்ளும். பாலத்துக் குழிகளில் ஊர்ந்துதானே போகவேண்டும், அங்கே நின்றுவிடும். கார் நின்றால் எல்லோரும் இறங்கித் தள்ளுவதுதான் எங்கள் வழக்கம், இறங்கினால் ஸ்டார்ட் ஆகிவிடும். இறங்க ஏலாத ஒருத்தியை ஏற்றியபோதுதான் அது கிடந்துபோனது. நாங்களோ ஒரு வருடமாக வெறும் காரைச் சோதித்திருக்கிறோம். முழு விசர்க் கூட்டம்!

"அப்ப கார்தான்" என்றாள் அவள். தேர் பார்த்துவிட்டு வந்தவளுடைய முகம் அது. அன்று இரண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் பொருத்தில்லாத ஒரே வயராக இழுத்துப் பூட்டினேன். மாமியையும் மூன்று மூட்டை நெல்லையும் பின்னுக்கு ஏற்றிப் பாலத்தில் ஊர்ந்து போய் ஊர்ந்து வந்தேன். நிற்கவில்லை. பிறகு சின்னச் சட்டைகள் தைக்க அவள் துணி வெட்டத் தொடங்கினாள். மாமி, பிறக்க முதல் தைக்கக்கூடாது என்று சொல்லிப் பார்த்தா. அவள் காதில் வாங்கவில்லை.

குத்து விடியற்காலையில் எடுத்தது. பாலம் முழுக்க நான் எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு போனேன். கார் குழியில் இறங்கி ஏறியது, நிற்கவில்லை. வேலணை போனது, மண்டைதீவு போனது. பண்ணை ஆமிச் சென்றியில் காவல் நின்றவன் பின்னுக்குக் குனிந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று வாட்டு நேர்ஸ் சொன்னா. எனக்குத் தலை கால் தெரியவில்லை. வெளியே தேத்தண்ணிக் கடையில், முன்பின் தெரியாத ஒரு மனிசனுக்கு, கார் ஓரிடத்திலும் நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் டொக்டர் அம்மா கூப்பிட்டனுப்பினா. பெண் பிள்ளை. அதற்கும் மூச்சில்லை.

முதல் பிள்ளையைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்டா. இவளுடைய இரத்தத்தில் ஏதோ ஒன்று பிள்ளையைக் கடைசி மாதத்தில் தங்கவிடுவதில்லை என்றா. பாலத்தில் நின்றதால் வந்ததல்ல, அன்றைக்கு நேரத்துக்கு வந்திருந்தாலும் அந்தப் பிள்ளையும் இப்படித்தான் பிறந்திருக்கும் என்றா. தன்மையான மனிசி. என் தோளில் கையை வைத்துத்தான் சொன்னா.

வாட்டுக்குள் போனேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். ஒருவரிலும் பிழையில்லை என்று தெரிந்தால் அவளுக்குக் கொஞ்சம் மனம் ஆறும் என்று நினைத்தேன். அதனால் டொக்டர் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன், அந்தப் பிள்ளையும் காரால் போகவில்லையாம் என்று. கட்டில் ஓரத்தில் இருந்து அவளுடைய போர்வையை இழுத்துவிட்டேன். நித்திரையாக்கும் என்று எழும்பப் பார்த்தேன்.

"கார் கொன்றது எண்டு நினைச்சுத்தான் இன்னொண்டு பெறத் துணிஞ்சனான்" என்றாள், சுவரைப் பார்த்தபடி. "கார் எண்டால் திருத்தலாம்தானே."