எலுமிச்சை மஞ்சளும் நான் சொன்ன ஒரு வார்த்தையும்

புடவைக் கடை வேலையில் முதலில் தேய்வது கால் என்பார்கள். என் அனுபவத்தில் நாக்குதான். "உங்க கலருக்கு இது எடுப்பா இருக்கும், அது எடுப்பா இருக்காது" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, என்ன சொல்கிறோம் என்பதே நம் காதில் விழாமல் போய்விடும். நாள் முழுக்க நின்றே பிழைக்கும் என் இனத்தாரே, உங்களுக்குத் தெரியாததா? பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் இரண்டு வருஷமாகப் புடவை காட்டுகிறேன். அதிகம் பேசமாட்டேன். பேசிய கொஞ்சத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

தெள்ளார் அக்கா

ஒரு நாள் தெள்ளாரிலிருந்து செல்வி என்ற அக்கா தனியாக வந்தார். என்னைப் போலவே நல்ல கறுப்பு. எலுமிச்சை மஞ்சளில் ரோஸ் கரை போட்ட புடவையைத் தொட்டார். "அக்கா, இது உங்க கலருக்கு எடுப்பா இருக்காது" என்று பழக்கத்தில் சொல்லி, அரக்கு நிறத்தை நீட்டினேன். அவர் மஞ்சளையே மேலே போட்டுக் காட்டச் சொன்னார்.

பளிச்சென்ற நிறம் எதுவானாலும் எங்கள் கடையில் ஷோபா அக்காவின் தோளில்தான் போடுவோம். அவர் நல்ல சிவப்பு. என் தோளில் யாரும் போட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஷோபா அக்காவைக் கூப்பிட்டேன். செல்வி அக்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேணாம்மா, மடிச்சுக் குடு. கட்டிகினு போகப் போறது நான்தான?"

டி.வி.யில் மஞ்சள்

சில மாதம் கழித்து, ஒரு வீட்டுக்குள் ஆட்களை அடைத்துவைத்துக் காட்டுவார்களே, அந்த நிகழ்ச்சியில் செல்வி அக்கா! நம்ம பக்கத்துப் பெண் என்று கடையே குதித்தது. யார் யாரிடம் சண்டை போட்டார்கள் என்று பேசாமல் ஒரு புடவையும் விரியாது. இரண்டாவது வாரம் அதே மஞ்சள் புடவையில் வந்தார். நான் காட்டிய புடவை! எனக்குக் கைதட்டத் தோன்றியது. அதற்குள் கூட இருந்த மாடல் பெண் ஒருத்தி, "உன் கலருக்கு இது செட்டே ஆகல" என்றாள். செல்வி அக்கா சிரித்துக்கொண்டே, "ஆரணியில எடுத்த கடையிலயே இதைத்தான் சொன்னாங்க" என்றார்.

அவ்வளவுதான், தமிழ்நாடே பற்றிக்கொண்டது. நிறவெறி என்று பாதிப் பேர், விளையாட்டுப் பேச்சு என்று பாதிப் பேர். அந்தப் பெண் அழுதபடி மன்னிப்புக் கேட்டாள். ஆரணியில் மட்டும் கேள்வி வேறு: எந்தக் கடை? மறுநாள் காலை முதலாளி எங்களை வரிசையாக நிற்கவைத்தார். "நம்ம கடையா மட்டும் இருந்துச்சு, சொன்னவங்க அன்னிக்கே வீட்டுக்கு!" ஷோபா அக்கா என் காதோரம் குனிந்தார். "பயப்படாத ரூத்து, நான் மூச்சு விடமாட்டேன். இந்தக் குவியலை மட்டும் எனக்கு மடிச்சு வெச்சுடு."

வாய்ப்பூட்டு

அன்றிலிருந்து வாடிக்கையாளரின் நிறம் பற்றிப் பேசத் தடை. யார் எதைத் தொட்டாலும் "உங்களுக்கு எல்லாமே நல்லா இருக்கும் மேடம்" என்று மட்டும் சொல்ல வேண்டும். கலசப்பாக்கத்திலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு அம்மா, மகளைக் காட்டி, "பச்சை இவ கலருக்கு எடுக்குமா?" என்றார். எல்லாமே நல்லா இருக்கும் என்றேன். ஊதா? எல்லாமே நல்லா இருக்கும். அந்த அம்மா புடவையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இன்னாமா பேஜாரு பண்ற? எல்லாமே நல்லா இருக்கும்னா நான் ஏன் கடைக்கு வரேன், கண்ணை மூடிகினு எடுத்துகினு போவேனே!"

மைக் வந்தது

ஒரு சேனல்காரர்கள் கடை கடையாக ஏறினார்கள். எங்கள் கடைக்கும் வந்தார்கள். "புடவைக் கடைகளில் நிறப் பாகுபாடு" என்பது தலைப்பாம். மைக் என் முகத்துக்கு நேரே வந்தது. வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடுமோ என்று பயம். அதற்குள் கேமராக்காரர் என்னை ஒதுங்கச் சொல்லிக் கையை ஆட்டினார். பின்னால் தள்ளப்பட்டதற்கு வாழ்க்கையிலேயே முதல் தடவை சந்தோஷப்பட்டேன்.

"மேடம், நீங்க கொஞ்சம் ஒதுங்குங்க, லைட்டு பத்தல. அந்தச் செவப்பா இருக்கிற அக்கா முன்னாடி வரட்டும், ஜல்தி!"

அவரே வந்தார்

நிகழ்ச்சியை விட்டு வெளியே வந்த அடுத்த வாரம், செல்வி அக்கா நேராக எங்கள் கடை வாசலில் இறங்கினார். கடை முழுக்கக் கூட்டம், செல்பி. முதலாளி ஜூஸோடு ஓடினார். நான் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தேன். செல்வி அக்கா தேடி வந்துவிட்டார்.

"நான்தாங்க்கா சொன்னேன். தப்புங்க்கா" என்றேன்.

"டி.வி.யில அவ சொன்னப்போகூட எனக்கு வலிக்கல. நம்ம கலர்ல இருந்துகினு நீ சொன்னதுதான் வலிச்சுது" என்றார் மெதுவாக. பிறகு, "சரி, கிளிப்பச்சை ஒண்ணு காட்டு. உன் தோள்ல போட்டுக் காட்டு."

கண்ணாடி முன் நின்றேன். ஷோபா அக்காதான் மடிப்பெடுத்து என் தோளில் போட்டுவிட்டார். நிமிர்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது! அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்த முதலாளி, "மேடம், அன்னிக்கு அப்படிச் சொன்னது எங்க கடைப் பொண்ணுங்களா?" என்று இழுத்தார். செல்வி அக்கா கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படிச் சொல்ற பொண்ணு யாரும் இங்க இல்லீங்க."

நான் மூச்சு விடுவதற்குள், எதிரே ஒரு மணி நேரமாக எதுவும் பிடிக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கையை நீட்டினார். "இந்தாம்மா, வேற எதுவும் வேணாம். அந்தப் பொண்ணு போட்டுகினு நிக்குது பாரு, அதையே குடு!"

அன்றிலிருந்து கடையிலுள்ள பளிச்சென்ற நிறமெல்லாம் என் தோளில்தான் ஏறி இறங்குகிறது. சாயங்காலமானால் அந்தத் தோள் எப்படி வலிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?