கஞ்சாச் செடிக்கு வைத்தியம் பார்த்த லைன்மேன்

விட்டோரின் கௌச்சி முப்பத்து நாலு வருஷம் டெலிபோன் லைன்மேனாக இருந்தவர். கோஸோ தீவில் அவர் ஏறாத கம்பம் கிடையாது. தொண்ணூற்றாறில் ஒரு கம்பம் முறிந்து கீழே விழுந்தார், இடுப்பில் இரண்டு திருகாணி போட்டார்கள். ஏழு மாதம் கழித்து மறுபடியும் ஏணியோடு கிளம்பிவிட்டார். ஒருமுறை புயலில் எங்கள் தெருவே ஊமையாகிப்போனது. மூலைவீட்டு டோலோரெஸின் மகன் மெல்போர்னில் ஆபரேஷனுக்குப் படுத்திருந்த நேரம் அது. மழை விடும்வரை காத்திருக்காமல் நனைந்துகொண்டே போய் அவளுக்கு மட்டுமாவது லைன் கொடுத்துவிட்டு வந்தார் என்று இன்றைக்கும் சொல்வாள்.

இத்தனை நல்ல மனிதர் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் பதினோரு வருஷம் எங்கள் வாசற்படி மிதித்ததில்லை. எங்கள் ஊரில் இரண்டு பேண்டு வாத்தியக் குழுக்கள், திருவிழாவில் வாணம் விடுவதில்கூட ஒன்றுக்கொன்று போட்டி. அவர் பெரிய குழு, நாங்கள் சின்னக் குழு. ஒரு திருவிழாவில் என் கணவர் நெனு, அவர்கள் விட்ட வாணவேடிக்கையைப் பார்த்து, "என்னப்பா, எண்ணெய்ச்சட்டியில வெங்காயம் போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. தெருவில் பார்த்தால் நான் தலையசைப்பேன், அவரும் தலையசைப்பார். அவ்வளவுதான்.

நெனுவுக்கு நரம்பு நோய் வந்து ஒன்பது வருஷமாகிறது. கால் தசைகள் திடீரென்று முறுக்கிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். அவருக்கு இதமாக இருப்பது கஞ்சாப் பூவை ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்து எடுத்த சில சொட்டுகள். டாக்டருக்கும் தெரியும். வீட்டுக்கு நாலு செடி, தெருவிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்று சட்டம் வந்த மறு வருஷமே மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்தேன். மல்லி, தக்காளி வளர்த்த கைதான்.

ஜூலை வரை ஒரு குறையும் இல்லை. என் தோளுயரம் நின்றன. ஜூலை கடைசியில் மொட்டு வைத்து, ஆகஸ்டில் பூங்கொத்து சுண்டுவிரல் அளவு திரளும்போது கேடு தொடங்கியது. முதலில் இலைநுனி கருகியது, பிறகு ஓரம் பழுப்பாகி மேல்பக்கம் சுருண்டது. மண் ஈரமாக இருக்கும், செடி தாகத்தில் கிடப்பதுபோல் தொங்கும். பூக்கும்போது பசி அதிகம், உரம் போடு என்றான் கடைக்காரன். போட்டேன். இன்னும் வாடியது. பூச்சி என்றார் ஒருவர், தண்ணீர் அதிகம் என்றார் இன்னொருவர், தண்ணீர் போதாது என்றாள் என் தங்கை. செப்டம்பர் முதல் வாரத்தில் நாலும் குச்சியாகிவிட்டன. மறு வருஷமும் அப்படியே.

மூன்றாவது வருஷம், ஆகஸ்ட் நடுவில் வரும் சாந்தா மரியா திருநாளுக்கு மறுநாள் காலை மேலே போனால் முதல் செடி சாய்ந்து கிடக்கிறது. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அழுதேன். அடுத்த மாடியில் விட்டோரின் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"கோன்ஸி, நெனுவுக்கு ஏதும் ஆகிடுச்சா?"

"அவருக்கு இல்ல. அவரோட மருந்துக்கு."

குட்டைச்சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவர் தாண்டி வந்தார்.

"உங்க வீட்டுக்கு வரல, புரியுதா? செடியைப் பாக்க வந்தேன்" என்றார்.

"புரியுது."

"இந்தச் செடியைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனா ஒண்ணு கேக்குறேன். என்னிக்கு வரைக்கும் நல்லா இருந்துச்சு?"

"பூக்குற வரைக்கும்."

"அது நீ சொல்ற காரணம். நான் தேதி கேக்குறேன்."

யோசித்தேன். "ஆகஸ்ட் மூணு, நாலு இருக்கும்."

"அந்த வாரம் இந்த வீட்டுல என்ன மாறிச்சு? புது மண்ணு? புது உரம்?"

"ஒண்ணும் மாறல... தண்ணி லாரி வந்துச்சு, அவ்வளவுதான்."

"ஆமா, தெருவை அடைச்சுக்கிட்டு நின்னானே. போன வருஷமும் நின்னான்."

எங்கள் வீட்டடியில் மழைநீர்த் தொட்டி இருக்கிறது. குளிர்காலத்து மழை அதில் இறங்கும், துணி துவைக்க, செடிக்கு ஊற்ற ஜூலை கடைசிவரை வரும். வற்றியதும் லாரித் தண்ணீர் வாங்கி நிரப்புவோம். குடிக்க பாட்டில் தண்ணீர் என்பதால் அந்தத் தண்ணீரை நாங்கள் வாயில் வைத்ததே இல்லை.

"சோப்பு நுரைக்குதா?" என்றார்.

"ஆகஸ்ட்ல நுரைக்காது. சோப்பு மட்டம்னு நெனச்சேன்."

அவர் வீட்டிலிருந்து பழைய மல்ட்டிமீட்டரைக் கொண்டுவந்தார், கம்பத்தில் கோளாறு பார்க்கும் முள் மீட்டர். மூன்று கண்ணாடி டம்ளர் கேட்டார். ஒன்றில் அவர் தொட்டி மழைநீர், ஒன்றில் எங்கள் தொட்டித் தண்ணீர், ஒன்றில் செடித்தொட்டியின் அடியில் வடிந்தது. இரண்டு கம்பிகளையும் ஒரே இடைவெளியில் முக்கினார். மழைநீரில் முள் லேசாக நகர்ந்ததோடு சரி. எங்கள் தண்ணீரில் பாதி தூரம் போனது. வடிநீரில் துள்ளிக்கொண்டு கடைசிக்கே ஓடியது. அப்புறம் விரலைத் தோய்த்து நக்கி, முகத்தைச் சுளித்தார்.

"உப்பு. அது இருந்தாத்தான் கரண்ட் இப்படிப் பாயும். லாரிக்காரனோட ஆழ்துளைக் கிணத்துல கடல் ஏறியிருக்கு. இதுல மீனு வளக்கலாம்."

செத்த செடியைத் தொட்டியோடு கவிழ்த்தோம். வெள்ளையாக இருக்கவேண்டிய வேர்நுனியெல்லாம் பழுப்பு. தொட்டி விளிம்பில் வெண்பொருக்கு படிந்திருந்தது. தினமும் பார்த்ததுதான், சுண்ணாம்பு என்று விட்டிருந்தேன்.

"நல்லாக் கேட்டுக்கோ. பூத்ததால சாகல. பூக்குற மாசமும் உன் மழைத்தண்ணித் தொட்டி காயுற மாசமும் ஒண்ணு. உப்புத் தண்ணி நின்னா வேரால உறிஞ்ச முடியாது, ஈரத்துல நின்னுக்கிட்டே தாகத்துல சாகும். வாடுதேன்னு நீ உரம் போட்டே. உரமும் ஒரு உப்புதானே?"

"நானே கொன்னிருக்கேன்."

"அட, இதெல்லாம் ஒரு கொலையா? நான் ஒருதடவை தப்பு ஒயரை வெட்டி பாதிரியார் வீட்டையே மூணு நாள் ஊமையாக்கினேன். குழாயை எடு."

அவர் மழைநீர்த் தொட்டி எங்களுடையதைவிடப் பெரியது, ஒற்றை ஆள் செலவு. சுவர்மேல் குழாயைப் போட்டு மூன்று செடிக்கும் மழைநீரை ஊற்றினோம். அடியில் வடிவதை அவ்வப்போது மீட்டரில் பார்ப்பார், முள் இறங்கும்வரை ஊற்றச் சொல்வார். மத்தியானமாகிவிட்டது. பிறகு மண் காயும்வரை தொடக்கூடாது, உரப்பாட்டிலைக் கண்ணிலேயே காட்டக்கூடாது என்று கட்டளை. அறுவடைவரை அவர் தண்ணீர்தான். தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சட்டையைக்கூட வாரத்துக்கு ஒருமுறைதான் துவைத்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது செடி நாலு நாளில் போய்விட்டது, வேர் முழுக்க வெந்திருந்தது. மற்ற இரண்டும் பிழைத்தன. கருகின இலை கருகினதாகவே இருந்தது, ஆனால் புதிதாகக் கருகவில்லை. பூங்கொத்து திரண்டு, பிசின் மினுக்கத் தொடங்கியது. அக்டோபர் முதல் வாரம் அறுத்தேன். மூன்று ஜாடி வந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் நெனுவுக்குக் கால் முறுக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருந்தது. ஒன்பது வருஷத்தில் அது பெரிய விஷயம்.

அறுவடை அன்று விட்டோரினை வாசல் வழியாகவே அழைத்துவந்தேன். பாலாடைக்கட்டி அடைத்த பஸ்டிட்ஸி பப்ஸ் சுடச்சுட வைத்தேன். நெனு சக்கர நாற்காலியில் இருந்தபடி தொண்டையைச் செருமினார்.

"விட்டோரின், அன்னிக்கு உங்க வாணம்... அவ்வளவு மோசமில்லப்பா."

"இதைச் சொல்ல பதினோரு வருஷமாடா உனக்கு?"

"அதுக்காக நல்லா இருந்துச்சுன்னு சொல்லல."

விட்டோரின் வாயில் பஸ்டிட்ஸியோடு சிரித்துப் புரையேறி, நான் முதுகில் தட்டவேண்டியதாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு கோயிலில் அவர் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். பின்வரிசையிலிருந்து பார்த்துவிட்டார். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"உசுரோட இருக்குறவனுக்கு எதுக்கு மெழுகுவத்தி?"

"உசுரோட இருக்கணும்னுதான்" என்றேன்.

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, என்னோடு வீடுவரை நடந்து வந்தார்.