சாயக்காரம்மா காட்டிய தண்ணீர் வழி

1969ஆம் ஆண்டு செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் அப்போது குடியிருந்த தெரு. அன்று காலை நாட்குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான்: ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றில் கயிறு போன வாரத்தைவிட ஒரு முழம் கூடுதலாக இறங்கியது. தண்ணீர் கரிக்கிறது. நான்கு ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்தேன். ஏழேகாலுக்குக் குளத்துக்குப் புறப்பட்டேன்.

எனக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியை. எதையும் அளந்து குறித்து வைப்பது தொழிலால் வந்த பழக்கம்.

தெருக்கோடியில் இருந்த குளத்தைப் பல வருடங்களாக நாங்களே பாழாக்கியிருந்தோம். எல்லார் வீட்டுச் சாக்கடையும் அதற்குள்தான் போனது. உடைந்த பானை, பழைய பாய், கூட்டி வாரிய குப்பை எல்லாம் அங்கேதான். அந்தப் பக்கம் போனால் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வோம். அந்தப் பங்குனியில் மூன்று வீடுகளில் வாந்திபேதி வந்த பிறகுதான் புத்தி வந்தது. சாக்கடையைத் திருப்பிவிட்டு, ஞாயிறுதோறும் தறிகளை நிறுத்தி, தெருவே குளத்தில் இறங்கியது. ஓரிக்கைப் பக்கத்து விவசாயிகள் மாட்டுவண்டி கொண்டுவந்து சேற்றை வயலுக்கு அள்ளிப்போனார்கள். ஆடி கடைசியில் கல்படிகளும் மணல் தரையும் தெரிந்தன.

ஆனால் தண்ணீர் வரவில்லை. ஆவணியில் இரண்டு நல்ல மழை பெய்தும், தெருவை ஒட்டிய வாய்க்கால் நிரம்பி ஓடியும், குளத்துக்குள் ஒரு குடம் தண்ணீர்கூட இறங்கவில்லை. வாய்க்காலிலிருந்து குளத்துக்குத் தரைக்கடியில் கல்லால் கட்டிய கால்வாய் ஒன்று உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். அது எங்கே இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. நான் நிலத்தின் சரிவை அளந்து, கட்டம் போட்ட தாளில் வரைபடம் போட்டு, வடகரையில் மூன்று இடங்களைக் குறித்துக் கொடுத்தேன். மூன்றையும் தோண்டினார்கள். வெறும் மண். மழைக்காலத்துக்குள் தண்ணீர் வராவிட்டால் குளத்தை மூடிவிடலாம் என்று தெருவிலேயே பாதிப் பேர் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அன்று நான்காவது இடத்தைக் குறிக்கப் போனபோதுதான் சாயக்காரம்மா வந்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். என் வயதுதான் இருக்கும். முழங்கை வரை நீலமும் சிவப்பும் ஏறிய கைகள். குளத்து வேலை தொடங்கியபோது, வாய்க்காலில் சாயத் தண்ணீர் விடக்கூடாது என்று தெருவில் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. குளம் சுத்தமாகும் வரைக்கும்தானே என்று, அன்றிலிருந்து சாயத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்துபோய்த் தெருவுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சரம்மா, இன்னும் எத்தினி எடத்துல நோண்டப் போற? தெருவுல தறிக்குப் பாவு நீட்ட எடம் வுடுவியா, மாட்டியா?"

ஆண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்களேன்" என்றேன்.

"தெரியும். நீ எங்க கேட்ட? தாள எடுத்துக்கினு வந்தியே, அன்னிக்குக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

வாய்க்காலில் தான் நூல் அலசிய கல்லுக்கு எங்களை அழைத்துப்போனார். முந்தின நாள் பெய்த மழையில் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. "இருவது வருசமா இங்கதான் அலசினேன். மத்த எடத்துல சாயம் தேங்கி நிக்கும். இங்க ஊத்தினா பாதி வாய்க்காலோட போவும், பாதி கீழ எறங்கிடும். பாரு." குனிந்து பார்த்தேன். கல்லின் அடியில், உள்ளங்கை அளவுக்கு ஒரு சுழி சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

சாயம் ஊற்றினால் வழி தெரிந்துவிடுமே என்றார் ஒருவர். சாயக்காரம்மா முறைத்தார். "கொளத்துக்குள்ளயா? பட்டுக்குப் போடறத அதுல வுடுவனா? போயி மஞ்சளும் சுண்ணாம்பும் எடுத்தாங்கப்பா." ஆரத்திக்குக் கரைப்பது போல மூன்று அண்டா கரைத்தோம். ரத்தச் சிவப்பு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கல்லுக்கடியில் வழி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், குளம் சுத்தமான பிறகும் அவர் இங்கே ஒரு நூலைக்கூட அலச முடியாது. தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

"தெரிஞ்சிதாம்மா காட்டறேன். தண்ணி உப்பாப் போச்சின்னா பட்டுல நெறம் நிக்காது. நம்ம கெணறெல்லாம் இந்தக் கொளத்தாலதான் தித்திச்சிக்கினு இருந்துது. கல்லு வேற போட்டுக்கலாம். தண்ணிய வேற எங்கேர்ந்து கொண்டாருவேன்?" பிறகு எல்லாரையும் பார்த்து, "தண்ணி சேரச் சேர செவப்பு போயிடும், மஞ்சளாத்தான் வரும். செவப்பத் தேடிக்கினு நிக்காதீங்க" என்றார்.

எட்டு நாற்பதுக்கு ஊற்றினார். சிவப்பு சுழிக்குள் இறங்கி மறைந்தது. நாங்கள் குளத்தின் நான்கு கரையிலும் ஆளுக்கொரு இடமாக நின்றோம். என் கண் வடகரையை விட்டு நகரவில்லை.

ஒன்பது பன்னிரண்டுக்குத் தென்கரையிலிருந்து, ஜரிகை வேலை செய்பவர் ஒருவர் கத்தினார். "டீச்சர்! இங்க கல்லு மஞ்ச பூசிக்கினு இருக்குது!"

ஓடினேன். கீழிருந்து ஐந்தாவது படி. இரண்டு கற்களின் இடுக்கில், மஞ்சள் தடவிய வாசற்படி போல ஈரம் கசிந்துகொண்டிருந்தது. கடப்பாரை போட்டு நெம்பினார்கள். எப்போதோ பழுதுபார்த்தவர்கள் கால்வாயின் வாயை அடைத்துக் கல் வைத்திருக்கிறார்கள். பின்னால் இறுகிய சேறு. அதைக் கையாலேயே தோண்டினார்கள். முதலில் நூல் போல ஒரு கசிவு, பிறகு விரல் கனம், பிறகு மண்ணைத் தள்ளிக்கொண்டு தொடை கனத்துக்குத் தண்ணீர். மஞ்சளாக வந்தது, கலங்கலாக வந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்தது.

ஆரவாரம் செய்வார்கள் என்று நினைத்தேன். அத்தனை பேர் நின்ற இடத்தில் தண்ணீர் மணலில் விழும் சத்தம் மட்டும். சிலர் தங்களை அறியாமல் கைகூப்பியிருந்தார்கள். நான் அந்தக் கல் திறப்பின் ஓரத்தில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். உள்ளே உளி பதிந்த தடங்கள், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், வரிசை பிசகாமல் போய்க்கொண்டே இருந்தன. இருபது வருடம் தைத்த என் தையலில்கூட அந்தச் சீர் இல்லை. யாரும் பார்க்கப்போகாத இருட்டுக்குள் யாரோ அவ்வளவு பொறுப்பாக வெட்டியிருக்கிறார்கள்.

சாயக்காரம்மா கடைசியாக வந்தார். ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார். "மண்ணு வாசன அடிக்குது. பத்து நாளு போவட்டும்" என்றார். யாரும் கேட்காமலே ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குத் திரும்பிப் போய், தன் அலசு கல்லைத் தானே பெயர்த்துக் கரையில் போட்டார்.

மாலை ஆறு மணிக்கு அடியிலிருந்த முதல் படி மூழ்கியது.

எனக்கு இப்போது ஐம்பது ஆகிறது. அந்தக் குளத்தை யார் தூர்வாரினார்கள் என்று கேட்பவர்களிடம் தெருக்காரர்கள் என்னையும் சேர்த்துச் சொல்கிறார்கள். தண்ணீரை இருபது வருடம் உற்றுப் பார்த்திருந்த ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், குற்றம் சொல்லும் தாளோடு போய் நின்றவள் நான் என்பது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து யாரைப் பற்றியாவது எழுத உட்கார்ந்தால், முதலில் அவர்கள் வாசலுக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை, அடுப்புப் பற்றவைக்கும் முன்பே, பதினொரு பேர் மண்வெட்டியோடு சாயக்காரம்மா வீட்டுக் கொல்லையில் நின்றோம். குளத்துக்கு எதிர்த்திசையில் அவருடைய சாயத் தண்ணீர் போகத் தனிக் கால்வாய் ஒன்றும் வடிகுழி ஒன்றும் வெட்டித் தருவது என்று தெருவில் முடிவாகியிருந்தது. நான் அளவு நாடா எதுவும் எடுத்துப் போகவில்லை. "எப்படிப் போகணும், நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, கால் கட்டைவிரலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோட்டிலேயே வெட்டத் தொடங்கினோம்.