ஜூஸ் விற்ற சாட்சி

சொல்லவே அருவருப்பாக இருக்கிறது. நான் பழ ஜூஸ் ஏஜென்ட். எங்கள் ஜெப சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, "இரும்பு மாதிரி நம்ம ஹார்ட்டும் துருப்பிடிக்கும். இந்த ஜூஸ் அதை எடுத்திரும். எனக்கு நெஞ்சுவலியே போச்சு" என்றேன்.

இதயத் தசை பலவீனமாயிருந்த ஸ்டெல்லா அக்கா அதை நம்பி, என்னிடம் ஜூஸ் வாங்கிக் குடித்து, மாத்திரையை நிறுத்தினாள். ஒரே மாதத்தில் கால் வீங்கி, மூச்சுத் திணறி நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"துரு மாதிரி ஒண்ணு தசையை அரிக்கிறது உண்மைதான்" என்றார் டாக்டர், அக்காவைப் பார்க்கப் போன என்னிடம் எல்லாம் கேட்டுவிட்டு. "ஆனா ஜூஸ் அதைத் தடுக்காது. இதயத்தோட சுமையைக் குறைச்சது மாத்திரைதான்."

அக்கா என் கையைப் பிடித்தாள். "ஜூஸ் குப்பி தீந்துட்டு மக்கா. அதுனாலதான் இப்பிடி ஆயிட்டு. இன்னொண்ணு கொண்டு வருவியா?"

அந்த ஜூஸின் அழுகல் வாடை தாங்காமல் நான் அதில் ஒரு மூடிகூடக் குடித்ததில்லை. இதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.