தொளதொளத்த மார்க்கவசம்

ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் சட்டைக்கும் பாவாடைக்கும் காகிதத்தில் பேட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தவள் நான். கம்பெனியை மூடியதும், தில்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து பிளாக்கில் வளர்ந்த அரவிந்த் தன் பட்டறைக்குக் கூப்பிட்டான். நாடகங்களுக்கு ஃபோமில் கவசம், வாள், கிரீடம் செய்யும் பட்டறை.

"ஒரு வாரம் பாருங்க ஆன்ட்டி. செட் ஆச்சுன்னா பர்மனென்ட்" என்றான். ஐம்பது தாண்டியவளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? இதை விட்டுவிடக் கூடாது என்ற பயத்தோடுதான் போனேன்.

முதல் வேலை, ஒரு நடிகருக்கு மார்க்கவசம். காகிதத்தில் ஒட்டிப் பார்த்தால் கச்சிதமாக இருக்கும் பேட்டர்ன், பத்து எம்.எம். ஃபோமில் வெட்டினால் இறுக்கும். ஷீட்டை வளைக்கும்போது அதன் கனம் உள்பக்க இடத்தைத் தின்றுவிடும். துணியில் இந்தத் தொல்லை கிடையாது. கணக்குப் போட்டு, அங்கங்கே கூட்டி வரைந்து கொடுத்தேன். வெட்டுவதும் ஒட்டுவதும் அரவிந்தின் வேலை.

மறுநாள் காலை நடிகர் அதைப் போட்டுப் பார்த்தார். கவசம் நமத்துப்போன அப்பளம் மாதிரி தொங்கியது. கூட்டியது அதிகமா? அப்படியென்றால் பெரிதாகத்தானே இருக்க வேண்டும், ஏன் துவள்கிறது? டேப் வைத்து அளந்தேன். காகித அளவு அப்படியே இருந்தது. ஒன்றுமே புரியவில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

சாயங்காலம் வரச் சொல்லி நடிகரை அரவிந்த் அனுப்பிவைத்தான். அவர் போனதும் என் விரல் கவசத்தின் விளிம்பில் பட்டது.

"ஏம்ப்பா, இவ்ளோ மெலிசா வெட்டியிருக்கே?"

"நீங்கதானே ரெண்டு எம்.எம்.னு எழுதியிருந்தீங்க? எனக்கும் டவுட்தான். எக்ஸ்போர்ட்ல இருந்தவங்க, ஏதோ டெக்னிக்னு நினைச்சேன்."

"நான் எங்கே எழுதினேன்?"

பேட்டர்னின் உச்சியைக் காட்டினான். அங்கே நான் போட்ட பிள்ளையார் சுழி இருந்தது. தில்லியில் பிறந்த பையன். தமிழ் பேசுவான், படிக்க வராது; அவன் படித்த இந்தி ரெண்டும் பார்க்க 'உ' மாதிரிதான் இருக்கும். பட்டறையில் ஃபோம் கனத்தை எழுதும் இடமும் அதுதானாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

"அச்சா, அப்போ இது ரெண்டு இல்லையா?"

"பிள்ளையார்ப்பா."

அவன் முழித்தான். பிறகு அதே காகிதத்தை வைத்துப் பத்து எம்.எம். ஷீட்டில் வெட்டினான். சாயங்காலம் நடிகர் அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினார், குனிந்தார். கவசம் அசையாமல் நின்றது.

"அடுத்த வாரமும் வந்துடுங்க ஆன்ட்டி" என்றான் அரவிந்த். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கனத்தை எழுதினால் பக்கத்தில் எம்.எம். என்றும் எழுதுங்கள். வெட்டுகிறவர் அதை எப்படிப் படிக்கிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் பிள்ளையாரைக் காகிதத்தின் பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டேன்.

போன வாரம் அவசரத்தில் சுழி போடவே மறந்துவிட்டேன். அரவிந்த் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தான்.

"ஆன்ட்டி, ரெண்டு போடலையே?"