அறைக்கும் அடுப்படிக்கும் ஒரு ஒயர்

எங்கள் அப்பா புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. ஆட்களை அதட்டி அதட்டியே பழகிய குரல். அவர் வாசலில் செருமினாலே நானும் அக்காவும் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தைத் தேடுவோம். பக்கவாதம் வந்து அந்தக் குரலையே கொண்டுபோய்விட்டது. அசைந்தது இடது கை மட்டும்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

சளி தொண்டையை அடைத்தால் அவரால் கூப்பிட முடியாது, கவனமாக இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாவம் அம்மா, எத்தனை நேரம்தான் கட்டிலருகிலேயே உட்கார்ந்திருப்பார்? இடைநிலைப்பள்ளி ரோபோட்டிக்ஸ் குழுவில் இருந்த அக்கா, அப்பாவின் இடது கையருகே பெரிய பட்டன் ஒன்றை வைத்து, அடுப்படிவரை ஒயர் இழுத்து, ஒரு பேட்டரி மணியைப் பொருத்தினாள். ஒயர் நீளம் போதவில்லை. நான் முந்திக்கொண்டு ஒட்டுப்போட்டேன். கோயில் திருவிழாவுக்குச் சீரியல் லைட் கட்டும் அண்ணன்மார் செய்வதுபோல, முறுக்கி டேப் சுற்றினேன்.

அக்கா இரு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். கையோடு வந்துவிட்டது.

"என்னடி இது? கோயில்ல அறுந்தா லைட்டுதான் அணையும். இங்க அறுந்தா அப்பா என்னடி பண்ணுவாரு?"

எனக்கு அழுகையாக வந்தது. அவள் கம்பிகளைச் சுரண்டி, பின்னி, ஈயம் உருக்கிப் பற்றவைத்தாள். ஆறியதும் மறுபடி இழுத்தாள். அசையவில்லை.

அதன் பிறகுதான் வினை. மணி அடிக்கும். மூவரும் விழுந்தடித்து ஓடுவோம். "என்னங்க, தண்ணியா? திருப்பிப் படுக்க வைக்கவா?" என்பார் அம்மா. வேண்டாம் என்பதற்கு அப்பா கண்ணை மூடுவார். எதைக் கேட்டாலும் மூடினார். நாங்கள் அடுப்படிக்குத் திரும்பி உட்காருவதற்குள் மறுபடி மணி.

"கனெக்‌ஷன் லூசு லா, அக்கா. தானா அடிக்குது," என்றேன். அவள் ஒட்டும் தோற்றதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அக்கா பட்டனைப் பிரித்தாள். ஒட்டை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தாள். இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒயர்ல ஒரு கோளாறும் இல்லடி," என்று தலையைச் சொறிந்தாள். மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் கட்டிலடியில் குந்தி, ஒயரைத் தடவித் தடவிச் சோதித்தோம்.

மழைக்காலம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். பட்டப்பகலில், அம்மா பக்கத்தில் இருக்கும்போதே.

பெற்ற பிள்ளைகளைக்கூட விரட்டியே பழகிய மனிதர். இங்கே வாம்மா என்று ஒருநாளும் கூப்பிட்டறியாதவர். அந்தப் பட்டன் கைக்கு வந்த பிறகுதான் எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் ஓடிப்போய் ஒயரைத்தான் பார்த்தோம்.